மூன்று வருஷம் ஆரணியில்

சேவூர், ஆரணி
11-2-2024

அன்புத் தங்கை துர்காவுக்கு,

அண்ணன் குப்புராஜ் எழுதுவது. அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை இளஞ்செழியனும் சுகம்தானே? போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது. அதனால் கையால் எழுதி, என் மகள் நிலாவிடம் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் தத்தெடுக்கப்போகும் நாக்பூர் இல்லத்துக் குழந்தை ரேவாவின் படத்தைத் தறிக்கு எதிரில் ஒட்டியிருக்கிறேன். மூன்று வயதுக்கு என்ன முறைப்பு! செத்துப்போன நம் அம்மா கெங்கம்மாள் குழாயடியில் நிற்கிற மாதிரியே இருக்கிறாள்.

அந்தத் தேவாலயத்துத் தத்து ஏஜென்சி கேட்ட உறவினர் கடிதத்தை நேற்றே அவர்களுக்கு நேராக அனுப்பிவிட்டேன். உன்னிடம் காட்டினால் திருத்துவாய். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்று அவர்கள் யோசித்துவிடக்கூடாதே என்று உன் அண்ணி கண்ணகி சேத்துப்பட்டு மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். "மாதாவோட ஆளுங்க ஆபீஸ்தானே, அந்தம்மா சொன்னா கேப்பாங்க" என்கிறாள்.

கடிதத்தைப் படித்து அசந்துபோகப் போகிறார்கள், பார்.

உன் அண்ணன்,
குப்புராஜ்


மினசோட்டா
27-2-2024

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை.

'குழந்தை வந்ததும் மூன்று வருஷம் ஆரணியில் எங்களிடமே வளரும். என் மனைவி பார்த்துக்கொள்வாள். துர்கா நிம்மதியாக வேலைக்குப் போகலாம்.' இப்படி எழுதச் சொல்லி யார் உன்னைக் கேட்டது? ஏஜென்சியில் எங்கள் பொறுப்பாளர் ரூத் அம்மா இதை மொழிபெயர்த்துப் படித்துவிட்டு, "வளர்க்கத்தானே கேட்டீர்கள்? ஊரில் விடுவதற்கா?" என்றார். எங்கள் தத்துக் கோப்பை நிறுத்திவிட்டார்கள். மார்ச் பதினைந்துக்குள் சரியாகாவிட்டால் ரேவாவை வேறு குடும்பத்துக்குக் காட்டிவிடுவார்கள்.

ஆறு வருஷம் காத்திருந்தேன் அண்ணா. கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன்.

நம் வீட்டில் தலைப்பிள்ளை தாய்வீட்டில் வளரும், அது எனக்குத் தெரியாதா? நீ ஆசையில்தான் எழுதினாய். ஆனால் அவள் ஏற்கெனவே ஓரிடத்தில் விடப்பட்ட பிள்ளை. இன்னோர் இடத்தில் கொண்டுபோய் விட என்னால் முடியாது. அது உன் வீடாகவே இருந்தாலும்.

அடுத்த புதன்கிழமை ரூத் அம்மா உன்னிடம் வீடியோவில் பேசுவார். தயவுசெய்து பெருமை பேசாதே. உள்ளதைச் சொல்.

துர்கா


சேவூர்
7-3-2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் தறியில் உட்காரவில்லை. "பேனாவ எடுத்தா அடங்க மாட்டீங்களா? நல்லா போய்கினு இருந்த காரியத்தப் பேஜார் பண்ணிட்டு!" என்று கண்ணகி வேறு பிடித்துக்கொண்டாள்.

நேற்று மாலை ஏழு மணிக்கு ரூத் அம்மா வீடியோவில் வந்தார். மொழிபெயர்க்கக் கனிமொழி என்று ஒரு தமிழ்ப் பெண் கூட இருந்தாள். முதலில் கண்ணை மூடி ஜெபம் செய்தார். நானும் கைகூப்பி நின்றேன். கண்ணகி பூஜை அறையில் கற்பூரம் கொளுத்திய புகையில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

"குழந்தையை ஏன் ஆரணியில் வைத்துக்கொள்ள நினைத்தீர்கள்?" என்று கேட்டார். சத்தியமாகப் பெருமை பேசவில்லை துர்கா.

"எங்க தெருவுல எவனாச்சும் 'எங்கிருந்தோ வந்த புள்ள'ன்னு சொல்லிடுவானோன்னு பயம்மா. எங்க வூட்லயே வளந்தா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அதான் எழுதிட்டேன்" என்றேன்.

"இப்போது?" என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்ட காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். "புள்ள அவங்கம்மாகூடவே இருக்கட்டும். தாய்மாமன் நான், நான் அங்க போய்ப் பாக்குறேன்" என்றேன். நான் இதுவரை சென்னையைத் தாண்டியதில்லை என்று நிலா போட்டுக்கொடுத்தாள். அந்தம்மா சிரித்துவிட்டார்.

சிரித்தால் நல்லதுதானே? சீக்கிரம் எழுது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

குப்புராஜ்


மினசோட்டா
14-3-2024

அன்புள்ள, மிகவும் அன்புள்ள அண்ணாவுக்கு,

கோப்பு நகர்ந்துவிட்டது! ரேவா எங்களுக்குத்தான்!

"ஊர் வாய்க்குப் பயந்ததை மறைக்காமல் சொன்னாரே, அப்படிப்பட்ட மாமா அந்தக் குழந்தைக்கு வேண்டும்" என்றார் ரூத் அம்மா. உன் மாப்பிள்ளை தோசைக் கரண்டியோடு சமையலறையில் ஆடினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

உத்தரவு கைக்கு வர ஏழெட்டு மாதம் ஆகுமாம். நாக்பூரில் அவளை வாங்கிக்கொண்டு நேராக ஆரணிக்குத்தான் வருவோம். மூன்று வருஷம் கிடையாது, மூன்றே நாள். காது குத்த மடியைத் தயாராக வைத்துக்கொள். அண்ணியிடம் சொல், மாதாவுக்கு இன்னொரு மெழுகுவத்தி என் கணக்கில்.

உன் தங்கை,
துர்கா


சேவூர்
18-5-2025

அன்புத் தங்கை துர்காவுக்கு,

தத்தெடுத்து ஆறு மாதம் ஆனதும் அனுப்பும் அறிக்கைக்கு ரூத் அம்மா மறுபடியும் என் கடிதம்தான் வேண்டும் என்றாராமே! இந்த முறை முதலில் உனக்கே அனுப்புகிறேன். ஒரு எழுத்தும் திருத்தாமல் கனிமொழியிடம் கொடு.

போன நவம்பரில் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, ரேவாவுக்குக் காது குத்துவதைப் பார்க்கப் பயந்து நீ கூட்டத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றாய். கடைசியில் நடந்ததுதான் உனக்குத் தெரியும்.

நான் நெய்த அரக்குப் பட்டுப்பாவாடையில் ரேவா என் மடியில் இருந்தாள். தெருவே கூடியிருந்தது. பக்கத்து வீட்டுச் சடையப்பன் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தர் ஒரு காதைக் குத்தினார். அவ்வளவுதான், என் கையைக் கடித்துவிட்டாள். கண்ணகி கையை நீட்டினாள். நிலா கற்கண்டைக் காட்டினாள். மாப்பிள்ளையும் வா வா என்றார். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சீர்த் தட்டைத் தட்டிவிட்டு, அத்தனை புடவைகளுக்கு நடுவே புகுந்து, உன் முதுகை வைத்தே உன்னைக் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று நாளாக உன்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாத பிள்ளை, நிலாவிடம் கற்றதோ என்னவோ, "அம்மா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

சடையப்பன் என்ன சொன்னார் தெரியுமா? "பெத்த புள்ளகூட இப்டி ஓடாதுய்யா" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே ரூத் அம்மாவுக்கு நான் தெரிவித்துக்கொள்வது: முதல் கடிதத்தில் மூன்று வருஷம் என்று எழுதியது தப்பு. மூன்று நிமிஷம்கூட அவள் என் மடியில் இருக்கவில்லை. இந்தக் குழந்தை அவள் அம்மாவிடம்தான் வளரும். அதை அவளே எங்கள் தெருவுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். கோப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ரேவாவின் தாய்மாமன்
குப்புராஜ்

பி.கு.: விசாவுக்கு ஜூன் ஒன்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்ததும் புறப்பட்டு வருகிறேன். இன்னொரு காது பாக்கி இருக்கிறதே!