எடுத்து வைத்த கட்டம்

11 ஜூன் 2024, செவ்வாய்

கால் புண்ணில் இன்னும் நீர் வடிகிறது. சர்க்கரை. ஆவுடை கட்டை அவிழ்த்துப் புதுத் துணி சுற்றிவிட்டாள். முப்பத்து மூன்று வருஷமாக என் மனைவி. புண்ணைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை.

குளித்துவிட்டு மேப்பை விரித்தேன். தமிழ்நாட்டை நாற்பத்தெட்டுக் கட்டமாக வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பெண்டுலத்தைப் பிடித்து, "சூர்யபிரகாஷ் இங்கே இருக்கிறானா" என்று கேட்க வேண்டும். சுற்றினால் ஆம். முன்னும் பின்னும் ஆடினால் இல்லை. பெண்டுலம் என்றால் வேறொன்றும் இல்லை, கொத்தனாரின் சின்னத் தூக்குக்குண்டு. அதற்கு நூல், புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணியிலிருந்து உருவியது. முறுக்கில்லாத நூல், நேராகத் தொங்குகிறது.

கேட்டது நாற்பத்தேழு கட்டம்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் அடங்கிய நம்ம கட்டத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஆன்லைன் பெண்டுல வகுப்பில் வாத்தியார் முதல் நாளே சொன்ன விதி அது. பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும் கட்டம் மேஜையில் இருந்தால் பெண்டுலம் அந்தப் பக்கமே இழுக்குமாம்.

பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் மேப் பார்த்தவன் நான். எங்கே அடிக்க வேண்டும் என்று கட்டம் சொன்னவன். பெற்ற பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லை.

16 ஜூன், ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சாம்சன் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அதே வகுப்பில் படிக்கிறார். ஞாயிறுதோறும் எனக்கு ரிமோட் வியூயிங் பயிற்சி வைக்கிறார். ஒட்டின கவருக்குள் ஒரு இடத்தின் படம் இருக்கும். பிரிக்காமல், கண்ணை மூடி, மனதில் படுவதை வரைய வேண்டும்.

நான் கடல் வரைந்தேன். உள்ளே இருந்தது செண்பகத்தோப்பு வனத்துறைச் செக்போஸ்ட். "நீலம் வந்திருக்குல்ல, கேட்டுக்கு நீல பெயிண்ட்தான்" என்றார். சிரிப்பாணியாக இருந்தது. ஆனாலும் அரை மார்க் போட்டுக்கொண்டேன்.

22 ஜூன், சனி

ஆவுடை வழக்கம்போல ஆண்டாள் கோயிலுக்குப் போய் வந்தாள். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறுவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் துளசி கொண்டுவருவார்கள். இவள் பேண்டேஜ் ரோல் கொண்டுவருகிறாள். எந்தக் கடை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

எங்கள் மம்சாபுரம் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாளும். மேப்பை வைத்து நான்தான் போர்வெல் போட இடம் குறித்தேன். ஜியாலஜி படித்த ஆள் யாரையாவது கூட்டி வருவோம் என்று சூர்யபிரகாஷ் தலைபாடாக அடித்துக்கொண்டான். எழுநூறு அடி இறங்கியும் வெறும் புழுதி. ரிக் வண்டிக்காரர்கள் முன்னால், "அப்பா, காயிதத்துல தண்ணி ஊறாது" என்றான். கை நீட்டிவிட்டேன். இருபத்தைந்து வயசுப் பிள்ளையை, அத்தனை பேர் முன்னால். மறு நாள் காலை அவன் இல்லை. போன் நம்பரும் இல்லை.

அடித்தது தப்பு. ஆனால் அவன் சொன்னது மட்டும் சரியா?

சரிதான். தண்ணீர் வரவில்லையே.

30 ஜூன், ஞாயிறு

இன்று கவர் வேண்டாம் என்றேன். கண்ணை மூடி மகனையே பார்க்க உட்கார்ந்தேன். வந்ததை அப்படியே எழுதுகிறேன்: வெள்ளை வெள்ளையாக ஏதோ நீளமாகத் தொங்குகிறது. சத்தம்: தடக் தடக், நிற்காமல்.

வெள்ளை என்றால் பனி. சத்தம் ரயில். பனியும் ரயிலும் இருக்கிற ஊர் எது? பெண்டுலத்தைப் பிடித்தேன். ஓசூர்க் கட்டத்தில் சுற்றியது பாருங்கள், அப்படி ஒரு சுற்று!

சாம்சனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆவுடை காபி கொண்டுவந்தாள். "இந்தக் காலோடயா ஓசூருக்குப் போறீக?" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிள்ளை மேல் இவளுக்குப் பாசமே கிடையாதா? இரண்டு வருஷத்தில் ஒரு நாள் அழுது பார்த்ததில்லை. கல்.

9 ஜூலை, செவ்வாய்

ஓசூரிலிருந்து நேற்றுத் திரும்பினேன். நாலு நாள். அவன் போட்டோவைக் கம்பெனி வாசல் ஒவ்வொன்றிலும் காட்டினேன். ஒருத்தர் போட்டோவைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். கட்டு நனைந்து செருப்போடு ஒட்டியிருந்தது.

12 ஜூலை, வெள்ளி

காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலை எடுத்துவிட்டார்கள்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நேற்றுப் பெண்டுலம் கும்மிடிப்பூண்டிக் கட்டத்தில் சுற்றியது. செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன் என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டேன். சாம்சனுக்குக் கண் ஆபரேஷன், வர முடியாது. பயிற்சியை விட மனமில்லாமல் ஆவுடையையே கவர் போடச் சொன்னேன். ஏதாவது ஒரு இடத்தை உள்ளே வை, நான் சொல்கிறேன் என்றேன். மறுப்பாள் என்று நினைத்தேன். உள்ளே போய், ஒட்டி எடுத்து வந்து கையில் தந்தாள்.

கண்ணை மூடினேன். மறுபடியும் அதே வெள்ளை, அதே சத்தம். "பழசே வருது, இன்னைக்குச் சரியில்ல" என்றேன். "பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

உள்ளே நான் எடுத்து வைத்த கட்டம். நம்ம கட்டம். அதில் சத்திரப்பட்டி மேல் குங்குமத்தில் ஒரு பொட்டு.

சூர்யபிரகாஷ் அங்கே பேண்டேஜ் நெய்கிற தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறானாம். போன மாதத்திலிருந்தே அங்கேதானாம். போன மாதம் இல்லை, எழுதும்போதே தப்பாக வருகிறது. வீட்டை விட்டுப் போன நாளிலிருந்தே. இரண்டு வருஷமாக. இங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். என் காலில் கட்டியிருப்பது அவன் தறியில் ஓடின துணி. பெண்டுலம் தொங்கின நூலும் அதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"ரெண்டு வருசமா அந்தக் குண்டுகிட்ட கேட்டீக. எங்கிட்ட ஒரு நாளாவது கேட்டீகளா, எம் மகன் எங்கன்னு?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருப்பாளாம். கேட்டால் மட்டும் சொல்லு என்று அவனும் சொல்லி வைத்திருந்தானாம்.

5 ஆகஸ்ட், திங்கள்

ஒரு விரல் போன பிறகுதானா வாய் திறக்க வேண்டும் என்று கேட்டேன். ஓசூருக்குப் போன அன்றே சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பாவம் தன்னுடையதுதான் என்றாள். நாலு நாளில் சலித்துத் திரும்பி, அப்போதாவது கேட்பேன் என்று நினைத்தாளாம். என்னால் அதை மன்னிக்க முடியவில்லை. நான் செய்ததை அவள் மன்னித்தாளா என்றும் தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

7 ஆகஸ்ட், புதன்

ஆடிப்பூரம். ஆவுடை தேர் பார்க்கப் போனாள். இரண்டு வருஷத்தில் இன்றுதான் நிஜமாகவே ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறாள் என்று நினைக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து நாற்பத்தெட்டுக் கட்டத்தையும் பரப்பினேன், நம்ம கட்டத்தையும் சேர்த்து. பெண்டுலத்தைப் பொட்டுக்கு நேராகப் பிடித்தேன். முன்னும் பின்னும் ஆடியது. இல்லை என்கிறது, சனியன். குண்டை அவிழ்த்து ஜன்னலில் வைத்தேன். நூலைத் தூக்கிப் போடவில்லை.

24 ஆகஸ்ட், சனி

ஆவுடை கிளம்பினாள். வாரீகளா என்று கேட்கவில்லை. நானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கூடத்துக்கு வெளியே கம்பிகளில் வெள்ளைத் துணி காய்கிறது, ஆள் உயரத்துக்கு. உள்ளே தடக் தடக். பார்த்துக்கொண்டே நின்றேன். இதற்கு ஒரு மார்க் போடலாம்தான். யாரிடம் போய்ச் சொல்ல?

அவன் வெளியே வந்தான். இளைத்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தான்.

"குண்டு சொல்லி வந்தீகளா?"

"உங்க அம்மை சொல்லி வந்தேன்."

"கேட்டீகளா, அவளாச் சொன்னாளா?"

"அவளாத்தான் சொன்னா."

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. ஒரு மாதிரித் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் ஆறு ரோல் துணியை அவள் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தறிப் பக்கம் திரும்பிவிட்டான்.

16 நவம்பர், சனி

ஆவுடைக்கு மூட்டு வலி. நான் மட்டும் போய் வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வருவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பழைய கட்டைப் பார்த்து, "தளர்வாச் சுத்துதீக" என்று குனிந்து அவனே அவிழ்க்கப் போனான். வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று காலை இழுத்துக்கொண்டேன்.

"எப்ப ஆறுமாம்?" என்றான்.

"நாளாகும்னாரு டாக்டர்" என்றேன்.

ஆறி மூன்று வாரம் ஆகிறது. ஆறின காலில்தான் துணி சுற்றிக்கொண்டு போகிறேன். ஆவுடைக்குத் தெரியும். ஒன்றும் கேட்பதில்லை.