கேட்ட ஊரையே சொன்னவன்

மண்டபம் முகாம்
ஞாயிறு

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

தம்பி சுகந்தன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மகள் தர்சனாவுக்கு இராமநாதபுரத்தில் கல்லூரி கிடைத்துவிட்டது. போன மாதம் கொடுத்தனுப்பிய எண்ணெயை முழங்காலுக்குப் பூசுகிறீர்களா? போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன கிழமை, சிங்களம் தெரிந்தவன் என்று பொலிஸ் விசாரணைக்கு என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார்கள். அக்கரையிலிருந்து வந்த சிங்களப் படகுக்காரன் ஒருவன் பிடிபட்டிருந்தான். வெடிமருந்தை எங்கே இறக்கினாய் என்று உள்ளங்காலில் அடித்தே கேட்டார்கள். எனக்குத் தேநீரும் உளுந்து வடையும் வந்தன. அவன் அலறிக்கொண்டிருக்க நான் இரண்டு வடை தின்றேன் அக்கா.

அங்கிருந்த அதிகாரி அதட்டிப் பேசாத மனிதர். "நூறு உசுரு போறதுக்கு இவன் காலு போறது மேல் இல்லீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நூறு உயிர் என்றால் சும்மாவா.

இறக்கிய ஊர் தொண்டியா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன், தலையாட்டி ஓம் என்றான். அக்காள்மடமா என்றேன், அதற்கும் ஓம். அக்காள்மடத்தில் பகல் முழுக்கத் தோண்டியும் கிழிந்த வலைதான் கிடைத்தது. பொய் சொல்லிவிட்டான் என்று மறுபடி அடித்தார்கள். அந்த ஊர்ப் பெயரே அவனுக்குத் தெரியாது. என் வாயிலிருந்து கேட்டுத்தான் சொன்னான். இது எனக்கு மட்டும் எப்படி விளங்கியது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குலசேகரம் அத்தானை இராணுவம் கொண்டுபோய்ப் பதினேழு வருடம். இன்னமும் அவர் படத்தோடு மனுக் கொடுக்க அலைகிறீர்கள். உங்கள் புருசனை யார் காட்டிக்கொடுத்தது என்று என்னிடமே கேட்கிறீர்கள். அவரைக் கொண்டுபோவதற்கு நான்கு நாள் முன்னால் என்னைப் பிடித்து வைத்திருந்தார்கள் அல்லவா? என் காலில் அடித்தபடி, ஆயுதம் கொடுத்தது குலசேகரமா என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். ஓம் என்றேன்.

நாளைக்கும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் தர்சனா முகாமுக்கு வெளியே போய்ப் படிக்கிற அனுமதி சிக்கலாகும் என்று அந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போகமாட்டேன்.

என்னைச் சபிப்பதென்றால் சபியுங்கள். அந்தப் பிள்ளையை மட்டும் வாழ்த்துங்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அத்தானின் படத்துக்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒருமுறை சத்தமாக வாசித்துவிடுங்கள்.

தம்பி என்று போடக் கை வரவில்லை.

சுகந்தன்