‘வாங்கோ’ சொல்ல முடியாத கடை

என் அன்புள்ள மாமிக்கு,

‘அன்புள்ள’ என்று நான் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொடுப்புக்குள் சிரிப்பீர்கள். இருபத்திரண்டு வருசம் ஒரே குசினிக்குள் நின்று மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். நான் பிழிந்த இடியப்பம் ஒரு நாளாவது உங்களுக்குப் பதமாய் இருந்ததா? “கோப்பாயாளுக்கு மா குழைக்கத் தெரியாது” என்று என் ஊரைச் சொல்லி, சீனி வாங்க வந்த சனத்துக்கெல்லாம் சொன்னவர் நீங்கள். இருந்தாலும் எழுதிவிட்டேன், வெட்டப் போவதில்லை.

சேதி நல்லதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றிவளைத்தாள் என்று குறை சொல்லவேண்டாம். கடையைப் பூட்டப் போகிறோம், மாமி.

ஆசுப்பத்திரியில் கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. மகனை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னீர்கள்: “உவன் பூட்டச் சொல்லுவான். நீ பூட்டிப்போடாதை பிள்ளை.” நான் “ஓம் மாமி” என்றேன். நீங்கள் கேட்டு நான் மறுபேச்சில்லாமல் ஓம் என்றது அது ஒன்றுதான். அதைத்தான் இப்போது மீறப் போகிறேன்.

ஒழுங்கை தெருவில் ஏறுகிற முகப்பில் சைக்கிள் திருத்துகிற கொட்டில் இருந்ததே, அந்தக் காணியில் கொழும்புக் கொம்பனி ஒன்று கடை போட்டிருக்கிறது. டவுனில் இருக்கிற பெரிய சுப்பர் மார்க்கெட் என்று நினைக்கவேண்டாம். எங்கள் கடையைப் போல ஒரு நாலு மடங்கு வரும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, நாலு வரிசையில் தட்டுகள், அவ்வளவுதான். சின்னதாய்ப் போட்டால் சனம் சாரத்தோடும் வீட்டுச் சட்டையோடும் கூச்சமில்லாமல் வரும் என்று யாரோ மூளைசாலி யோசித்திருக்கிறான். அவன் யோசனை பிழைக்கவில்லை. முன்வீட்டுப் பரமேசக்கா ஈரத் தலையில் துவாயோடு போய் வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். ரியூசன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இனிப்பு. வாசலில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பிள்ளை நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் “வணக்கம், வாங்கோ” என்றும், போகிறவர்களுக்கெல்லாம் “நன்றி, திரும்பவும் வாங்கோ” என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே இழுவையில், மூச்சு விடாமல். இந்த ஒழுங்கையில் அந்த ‘வாங்கோ’ உங்களுடையதல்லவா? தேங்காய்ச் சாக்குக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஆள் படலையடிக்கு வரமுதல் “வாங்கோ வாங்கோ, என்ன வெய்யில் உது” என்பீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

யாரையும் குறை சொல்லமாட்டேன், நானும் போனேன். கடை திறந்து மூன்றாம் கிழமை, எதிரியின் கோட்டையைப் பார்க்கிறேன் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். “வாங்கோ அன்ரி” என்றாள் அந்தப் பிள்ளை. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு ஒரு சவர்க்காரம் வாங்கினேன். எங்கள் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிற அதே சவர்க்காரம்! வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிற்கவும் துணிவில்லை.

எங்களிடம் பாண் வாங்குவது முதலில் நின்றது. பிறகு சீனியும் பருப்பும் மாவும். கடைசியில் பின்வீட்டு வாத்தியார்கூட நெருப்புப்பெட்டிக்கு அங்கேதான் போனார். எங்களிடம் மிஞ்சியது ஒரேயொரு வியாபாரம். உங்களுக்கு விளங்கியிருக்கும்.

செத்த வீட்டுச் சாமான். எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் செய்கிற அந்தியேட்டி, பிறகு வருகிற திவசம் எல்லாவற்றுக்கும் நல்லூரில் பாதிச் சனம் ஐயர் எழுதின துண்டோடு உங்களிடம்தான் வந்தது. துண்டைப் பார்க்காமலே கட்டுவீர்கள். எள்ளு, தர்ப்பை, பச்சையரிசி, பயறு, கற்பூரம் எல்லாம் கடதாசியில் சரை சரையாய், ஒன்றும் தவறாமல். மற்ற நாளில் உங்கள் தராசு உங்கள் பக்கம் கொஞ்சம் சாயும் என்று ஊருக்கே தெரியும், கோவிக்கவேண்டாம். ஆனால் அந்தச் சாமானுக்கு ஒரு பிடி கூடப் போடுவீர்கள்.

அதற்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தீர்கள். துண்டோடு வருகிறவரை “வாங்கோ” என்று சொல்லக்கூடாது. “வேறை என்ன வேணும்?” என்று கேட்கக்கூடாது. போகும்போது “போட்டு வாங்கோ” என்று, போய் வரச் சொல்லி அனுப்பக்கூடாது. அந்த வாசலுக்கு அந்தக் காரியத்துக்காக யாரும் திரும்ப வரக்கூடாது என்பீர்கள். கலியாணம் கட்டி வந்த புதிதில் நான் யாரோ ஒருவரிடம் “வேறை என்ன அண்ணை?” என்று கேட்டுவிட்டேன். மூன்று நாள் நீங்கள் என்னோடு கதைக்கவில்லை.

இவ்வளவு பழகியும் என்ன பயன்? உங்கள் செத்த வீட்டிலேயே பிழைவிட்டேன். பந்தலடியில் நின்று, எழும்பிப் போன சனத்துக்கெல்லாம் கடைப் பழக்கத்தில் “போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கச்சி ஓடி வந்து என் வாயைப் பொத்தினா. “ஆரை அடுத்ததாக் கூப்பிடுறாய்?” என்று கேட்டா. அழுதுகொண்டிருந்த உங்கள் மகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் எனக்கு மூன்று நாளல்ல, முப்பது நாள் கதையில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். அந்தச் சாமான் புதுக்கடையில் இல்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. தர்ப்பைக்கு எங்கே போவார்கள் என்று நினைத்தேன். துண்டோடு கிழமைக்கு ஒருவர், இருவர் வந்தார்கள். ஒரு நாள் பின்னேரம் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் உறைத்தது. அந்தக் கிழமை முழுக்க நான் ஒருவரையும் “வாங்கோ” என்று சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் சொல்லக்கூடாதவர்கள். ஒரு கடை இப்படி எத்தனை நாளைக்கு நிற்கும், மாமி? நின்றுதான் என்ன?

அந்தத் தெம்பும் போன மாசத்தோடு போய்விட்டது. பரமேசக்காவின் மனிசன் தவறிவிட்டார். படுக்கையில் இல்லை, பாயில் இல்லை, காலமை தேத்தண்ணி குடித்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். எட்டு முடிந்தது. அந்தியேட்டிக்குப் பரமேசக்கா எங்களிடம் வருவா என்று தர்ப்பையைத் தூசு தட்டி வைத்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. புதுக்கடைக் கண்ணாடிக் கதவால் ஒரு மட்டைப் பெட்டியோடு வெளியே வந்தா. நான் அந்த நேரம் தெருவில் நின்றேன். எல்லாச் சாமானையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, மேலே ‘அந்தியேட்டி’ என்று அச்சடித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை வழமைபோல “நன்றி அம்மா, திரும்பவும் வாங்கோ” என்றாள். எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டு வந்தது. இனிப் பரமேசக்கா நல்ல ஏச்சுக் கொடுக்கப் போகிறா என்று காத்திருந்தேன். அவவோ திரும்பி நின்று, “ஓம் பிள்ளை, வாறன்” என்றா.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா, அந்தியேட்டிச் சாமானை வாங்கிப்போட்டு ‘வாறன்’ எண்டு சொல்லலாமோ?”

“கோவியாதை சறோ. எல்லாம் ஒரு பெட்டியிலை கிடந்துது, தூக்கிக்கொண்டு வந்திட்டன்.”

“சாமானை விடுங்கோ. அவள் சின்னப்பிள்ளை, தெரியாமல் சொல்லுறாள். நீங்கள் ஏன் வாறன் எண்டனீங்கள்?”

அவ பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினா. “அவர் போய் மூண்டு கிழமைக்கு மேலை. ஒரு வாசலிலையும் ஒருத்தரும் என்னை வாங்கோ எண்டு கேக்கேல்லை. இனிக் கேக்கவும் மாட்டினம். உவள்தான் கேட்டவள். அதுதான் வாயிலை வந்திட்டுது.”

வீட்டுக்கு வந்து உங்கள் கதிரையில் இருந்தேன். எனக்கு உங்கள் நினைவாகவே இருந்தது.

உங்கள் இருபத்தெட்டு வயதில், மாமா தவறியபிறகு நீங்கள் இந்தக் கடையைப் போட்டீர்கள். கலியாண வீடுகளுக்குப் பின்பக்கத்தால் போய், பின்பக்கத்தாலேயே வந்தீர்கள். என் கலியாணத்தன்றுகூட, பெற்ற மகனுக்கு ஆலாத்தி எடுக்க முன்னுக்கு வரவில்லை. சாமான் அறையில் நின்று கதவிடுக்கால் பார்த்தீர்கள். நானும் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை, அது வழமைதானே என்று இருந்துவிட்டேன். உங்களை ஒரு வாசலிலும் யாரும் “வாங்கோ” என்று கேட்காததால்தான் உங்களுக்கென்று ஒரு வாசல் வைத்து, நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களா? பூட்டவேண்டாம் என்று கையைப் பிடித்தது அதற்காகவா? உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்கலாம். நான் இடியப்பத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் சட்டத்தை நினைக்கவும் மனம் நொந்தது. புருசன் செத்த எத்தனை பெண்டுகள் எங்கள் கடைக்குத் துண்டோடு வந்திருப்பார்கள். நல்லதென்று நினைத்துத்தான் நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு உங்கள் மகன் ஓட்டோவை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். “இஞ்சாரும், உதை இனி வைச்சிருந்து என்ன செய்யிறது? நீரும் நாள் முழுக்கத் தனிய இருந்து தெருவைப் பாக்கிறீர்” என்றார். “மாமிக்கு ஓம் எண்டு சொன்னனான்” என்று மட்டும் சொன்னேன். அவர் உங்கள் படத்தைப் பார்த்தார். “அம்மாவுக்கு நான் சொல்லுறன்” என்றார். சொன்னாரா, மாமி?

கடைசிச் செய்தியையும் கேளுங்கள். புதுக்கடைக்குச் சாமான் வைக்க இடம் போதவில்லையாம். எங்கள் கடையறையைத்தான் வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள். மனேச்சர் பொடியன் நேற்று நாடாவோடு வந்து அளந்துகொண்டு போனான். மரியாதையான பொடியன், அவனை ஏசவும் வழியில்லை. உங்கள் கதிரை இருந்த இடத்தில் அவர்களுடைய மாப்பெட்டிகள் அடுக்கப் போகிறார்கள். முன்கதவு தேவையில்லையாம், பக்கத்தால் ஒரு வழி வைத்தால் போதுமாம். முன்கதவை உள்ளால் பலகை அடித்து மூடச் சொன்னான்.

வேறொரு வழி வரும் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். ஒரு வழியும் இல்லை.

வாற மாசம் நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டத்திவசம். அதுவரைக்கும் பலகை அடிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சாமான் அந்தப் பெட்டியில் வராது, எங்கள் கடையில் நானே சரை கட்டுவேன். ஒரு பிடி கூடவே போடுவேன். அதுதான் இந்தக் கடையின் கடைசிச் சாமான்.

அன்றைக்குப் படையலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று ஐயர் சொல்கிறார். பின்பக்கத்தால் வரவேண்டாம், மாமி. முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். உங்கள் சட்டமும் வேண்டாம், சனம் சிரித்தாலும் சிரிக்கட்டும். ஒழுங்கைக்கே கேட்கத் தக்கதாய் “வாங்கோ மாமி, வாங்கோ” என்று சொல்லுவேன். இது சத்தியம். நீங்கள் உள்ளே வந்தபிறகு கதவை மூடுவோம்.

உங்கள் மருமகள்,
கோப்பாயாள் சறோசா