அம்மாரின் தண்ணீர்

தோஸர்,
திராட்சை பழுக்கும் மாதம்.

என் கண்ணான மகன் ஸுஃபியானுக்கு, உம்மி மப்ரூக்கா எழுதுவது. உனக்கும் உன் வீட்டாருக்கும் அமைதி உண்டாகட்டும்.

போனில் இதைச் சொல்ல முடியவில்லை. மறைந்த உன் பாபாவின் பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். நானும் வெயில், காய்ச்சல் என்று எதையாவது பேசி வைத்துவிடுகிறேன். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்துதான். கோணலாக இருந்தாலும் பொறுமையாகப் படி.

நான் நலம். கால் வீக்கம் வற்றிவிட்டது. மிளகாய் அரைத்து எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். நீ இருக்கும் லியோனுக்கு யாராவது வந்தால் கொடுத்தனுப்புவேன். நம் பேரீச்சை மரங்களில் குலை நன்றாகப் பிடித்திருக்கிறது.

நம் தோப்பை ஒட்டிய தோப்புக்காரர் ஹாஜி லமீன் குளிர்காலத்தில் இறந்தது உனக்குத் தெரியும். அவருக்கு மூன்று மகன்கள், ஒரே மகள் நஜிய்யா. தோப்பைப் பிரித்தபோது வாய்க்கால் ஓரத்துத் துண்டு அவளுக்கு வந்தது. கணவனும் விட்டுப் போனபிறகு, வைத்திருந்த நகையை விற்று மாதுளையும் இளம் பேரீச்சையும் வைத்தாள். நிலம் வந்தது, தண்ணீர் வரவில்லை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்க பாபா எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் அவள் பெயரை ஏற்க மறுக்கிறது. இறந்தவரின் முறை மகனுக்குத்தான் போகும் என்று அதில் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் பெண்கள் தங்கள் தண்ணீரை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். கேட்பதே வெட்கம். அதனால் அப்படி எழுதியது யாருக்கும் குறையாகப் படவில்லை.

தண்ணீர்ச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் லஸ்ஹர் இரக்கப்பட்டு ஒரு வேலை செய்தான். நஜிய்யாவை நாஜி என்று ஆணாக்கிப் பதிந்தான். அது உடனே ஏற்றுக்கொண்டது. ஒருமுறை தண்ணீரும் பாய்ந்தது. மறுநாள் மூத்த அண்ணன் சங்கத்து வாசலில் நின்று, “எங்கப்பாவுக்கு எங்களுக்குத் தெரியாம இன்னொரு பொண்டாட்டி இருந்தாளாடா? யாருடா இந்த நாஜி?” என்று கேட்க, டீக்கடையே சிரித்தது. நஜிய்யாவும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. லஸ்ஹர் அந்தப் பெயரை அழித்துவிட்டான்.

தங்கைக்குத் தண்ணீர் விடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னால் அண்ணன்மார் கையை விரிக்கிறார்கள். தாங்கள் மறுக்கவே இல்லையாம், கம்ப்யூட்டர்தான் ஏற்கவில்லையாம். அம்மார் நியாயமான மனுஷன், அவர் எழுதினதை மாற்ற நாம் யார் என்கிறார்கள். உயிரோடிருந்தபோது பாபாவிடம் சண்டைக்கு வந்தவர்கள்தான் இவர்கள்.

நஜிய்யா என்னிடம் வந்து பந்தலடியில் உட்கார்ந்தாள். டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, “சின்னம்மா, அம்மார் சித்தப்பா பேரைச் சொல்லித்தான் என்னை விரட்டறாங்க. அவர் மேல எனக்குக் கோபம் வந்துடக் கூடாதுன்னு பாக்கறேன்,” என்றாள்.

லஸ்ஹர் உனக்குப் போன் செய்ததும் நீ சொன்ன பதிலும் தெரியும். பழைய கம்ப்யூட்டர் செத்தபோது, அந்தப் புரோகிராமை அப்படியே எடுத்துப் புது கம்ப்யூட்டருக்குள் ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு போலக் குடிவைத்தாய். முறை வந்தால் கைபேசியில் செய்தி வரும்படியும் செய்தாய். பழைய எழுத்தை வரி வரியாகப் படித்து விளக்கிச் சொல்லும், திருத்தியும் தரும் கருவி இப்போது உன்னிடம் இருப்பதாக நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஒரு நாள் வேலை என்றாயாம் லஸ்ஹரிடம். ஆனால் பாபா எழுதியதில் ஓர் எழுத்தையும் தொடமாட்டேன் என்றும் சொன்னாயாம்.

மகனே, உன் வலி எனக்குத் தெரியாதா. கோடை வெயில், காத்திருக்க முடியாது என்று நீ வந்து சேருமுன் பாபாவுக்கு மண் போட்டுவிட்டார்கள். நீ முகம் பார்க்கவில்லை. கையில் கிடைத்தது அவர் எழுதியது மட்டும்தான்.

ஆனால் அவர் அதைத் தொடாத வருஷம் உண்டா? நினைத்துப் பார். அறுவடை முடிந்தால் யாராவது கத்திக்கொண்டு வருவார்கள். டீ கொடுத்து உட்காரவைத்து, அவர்கள் எதிரிலேயே மாற்றுவார். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில் முறை வந்து, ஒருவன் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு மடைக்கு ஓடினான் என்று அதையும் மாற்றினார். “நான் எழுதுனதுல தப்பு இருக்குன்னு வர்றவன்தான் மப்ரூக்கா எனக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன்,” என்று சிரிப்பார். தொடாமல் பூட்டி வைப்பது உன் வழக்கம். அவருடையது அல்ல.

நம் தோப்புக்கும் அவர் பெயரில்தான் இன்னும் முறை வருகிறது. உன் பெயரைப் போட உனக்கு மனம் வரவில்லை, என் பெயரை அது வாங்காது. வியாழன்தோறும் கைபேசி ஒலிக்கும். “அம்மார், உங்கள் முறை” என்று வரும். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒருமுறை படித்தது போதாமல் இன்னொருமுறை படிப்பேன். பிறகுதான் மண்வெட்டியை எடுப்பேன். வாய்க்கால் போகும்வரை அவர் முன்னால் நடப்பது போலவே இருக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாஜி பெயரை அழித்த அன்று லஸ்ஹர் தலையில் கை வைத்துக்கொண்டு, “அக்கா, செத்தவருக்குத் தண்ணி குடுக்குது, உசுரோட இருக்கறவளுக்குக் குடுக்க மாட்டேங்குது,” என்றான். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

நஜிய்யாவின் மாதுளை இலை சுருண்டுவிட்டது. நம் வாய்க்காலிலிருந்து குடத்தில் எடுத்து ஊற்றுகிறாள். நானும் சேர்ந்து ஊற்றுகிறேன். இந்த வெயிலுக்கு அது நாக்கை நனைக்கத்தான் காணும்.

அதனால் அந்தப் புரோகிராமைத் திற, மகனே. உன் கருவியை வைத்துக்கொண்டு உட்கார். அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுது. மகளுக்கும் மனைவிக்கும் இடம் வை. நஜிய்யா பெயரை முதலில் போடு. பிறகு அம்மார் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போடு. உன் கையால் போடு. லஸ்ஹர் போட்டால் எனக்குத் தாங்காது.

வரும் வியாழன் அந்தச் செய்திக்காகக் கைபேசியை மடியில் வைத்துக் காத்திருப்பேன். மப்ரூக்கா என்று வந்தால், அதையும் இரண்டுமுறை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் கைக்கு நோவு வராமல், உன் கண்ணுக்கு இருள் வராமல் இறைவன் காக்கட்டும். அறுவடைக்கு விடுமுறை கிடைத்தால் வா. குலை உயரத்தில் இருக்கிறது, என்னால் ஏற முடியாது.

உன் உம்மி,
மப்ரூக்கா