தாய்மாமன் கையால் பறிக்க வேண்டிய பூ

நீர்வளம் நிலைக்க. கொக்குமடைப் பேரேரியைக் கண்ணெனக் காக்கும் வெண்கரை நாட்டு அரசி பெருங்கோதை, நெடுந்துறை நாட்டின் அதிபதியும், அலைகளுக்கு எல்லை வகுத்தோனும், நமக்குப் பின்பிறந்தோனுமாகிய இளஞ்சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உம் துறைகளில் பாய்மரங்கள் நெருங்குக. உம் ஆறுகள் கடலைத் தவறாது சேர்க. உம் அரண்மனைச் சமையலில் உப்பு இனியேனும் அளவோடு விழுக.

இங்கு நாம் நலம். நம் மகளும் உம் மருமகளுமாகிய ஆதிரையும் நலம். புதிதாய் முளைத்த பற்களின் கூர்மையை அமைச்சர்களின் விரல்களில் சோதித்து வருகிறாள். நலமின்றி இருப்பது ஏரி ஒன்றே.

நம் திருமணத்தில் சீர்வரிசைக்கெல்லாம் முன்னால், வெள்ளிக் குடத்தில் மிதந்து வந்த ஆகாயத்தாமரையை நீர் மறந்திருக்க மாட்டீர். அதன் ஊதாப் பூவைக் கண்டு இந்நாடே மயங்கிற்று. அரசியின் பிறந்தகத்து மலர் தம்மிடமும் இருக்கட்டுமென்று குடிகள் ஆளுக்கொரு கன்று பெற்று, குளத்திலும் குட்டையிலும் ஏரியிலும் விட்டார்கள். உம் நாட்டில் ஆண்டுதோறும் வரும் வெள்ளம் அச்செடியைக் கடலுக்கு அள்ளிச் சென்றுவிடும். எம் ஏரியோ ஓடாத நீர். இன்று கரையில் நின்று நோக்குவோர்க்குத் தண்ணீர் தென்படுவதில்லை. ஏரியின்மேல் கீரி ஓடுகிறது, ஓடம்தான் ஓடவில்லை. மடைவாயையும் செடி அடைத்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் அது அகலாவிடில், வெள்ளம் வெளியேற வழியின்றிக் கரை உடையும். கீழுள்ள வயல்களும் ஊர்களும் அதனோடு போகும்.

பறிக்கச் சொன்னோம். பிறந்தகத்துச் சீரைப் புகுந்தகத்தார் பிடுங்கி எறிந்தால் உடன்பிறப்பின் உறவு அறும் என்பது இந்நாட்டு வழக்காதலால், எம் குடிகள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். நாமே இறங்கத் துணிந்தபோது, படைத்தலைவர் துடுப்பை ஒளித்து வைத்தார்.

அந்நிலையில் செங்காயி என்னும் வலைக்காரி, நீர் சொட்டும் செடிக்கட்டைத் தலையில் சுமந்து அவைக்கு வந்தாள். “தாயி, நான் பறிக்கல, இதுவா வலையில மாட்டிக்கிச்சு” என்று முதலில் தன் குற்றமின்மையை நிறுவிக்கொண்டாள். பின்னர், “உங்க தம்பி நல்லா இருக்கட்டும். ஆனா எனக்குக் கெண்டை வரலியே, சீர்தானே வருது! குடுத்தவுக கையாலயே எடுத்தா உறவு எப்படித் தாயி அறும்? பிள்ளைக்குக் காது குத்த மாமன் வரணும்ல? அப்படியே ஏரியிலயும் இறக்கி விடுங்க” என்றாள். அவை சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. அவள் சொற்களைச் செம்மைப்படுத்தி எழுத எழுத்தர் அனுமதி வேண்டினார், நாம் அளிக்கவில்லை.

அன்றுமுதல் நாடு விழாக்கோலம் பூண்டது. வீடுதோறும் செடி இழுக்கும் கொக்கிகள் செதுக்கப்படுகின்றன. பறிக்கும்போது ஒரு துண்டும் வாய்க்காலுக்குத் தப்பாதபடி மடைக்கு முன் மூங்கில் தடுப்புக் கட்டியாயிற்று. பறித்ததை மக்கவைக்க எருக்குழிகள் வாய் திறந்து காத்திருக்கின்றன. மாமன் சேற்றில் வழுக்கி விழுவாரா மாட்டாரா என்று ஓடக்காரர்கள் பந்தயம் கட்டியிருப்பதாகவும் கேள்வி. நாம் ‘விழுவார்’ என்ற பக்கம்.

ஆகவே இதை அரசியின் ஆணையாகவோ தமக்கையின் சொல்லாகவோ, உமக்கு எதில் அச்சம் மிகுதியோ அதுவாகக் கொள்க. வரும் வளர்பிறைக்குள் இங்கு வந்து சேர்க. காலையில் ஆதிரையை மடியிலிருத்திக் காதணி விழாவை முடித்தபின், பட்டாடையைக் களைந்து, இடுப்பில் துண்டு கட்டி, முதல் பிடியை உம் கையால் பறித்துக் கரையில் எறிக. உமக்குப் பின்னால் நாடு முழுதும் நீரில் இறங்கும். தம்பி, இந்த ஏரியில் வானம் தெரியும் என்பதை உன் மருமகள் இன்னும் அறியாள். அவள் அதை முதன்முதலாக உன் தோளில் அமர்ந்து காணட்டும்.

இரட்டைக் கொக்கு முத்திரை பதித்தோம். இவ்வோலை கொணர்வோனுக்கு மோர் தருக. உம்மை உடன் அழைத்தன்றி அவன் திரும்பலாகாது.