வெக்கைக்கு ஒரு வழி, மின்னலுக்கு ஒரு வழி

8 செப்டம்பர் 2025, திங்கள்

விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனிக்குச் செய்யும் ஆப் ஆண்ட்ராய்டில் ஜோராக ஓடுகிறது. ஐபோன்தான் வீம்பு பிடிக்கிறது. கேட் அறைக் கூரையில் மாட்டிய கருவி வெக்கை, ஈரப்பதம், மின்னல் எல்லாவற்றையும் விடாமல் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டுக்கு நான் கோட்லினில் எழுதிய நிரல் அதைத் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஐபோனுக்குக் கூட வேலை பார்க்கும் டென்னிஸ் ஸ்விஃப்டில் எழுதிய நிரல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும். வாங்குவதற்குள் வரிசை சேர்ந்துவிடுகிறது. பதினொரு மணிக்கு ஐபோன் காட்டியது பத்தரை மணி வெக்கை!

கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாப் போனும் வாட்ச்மேன் சங்கிலிமுத்து மாமா அறையில் பெட்டிக்குள் கிடக்கும். முதலாளி கொடுத்த பழைய ஐபோன் மட்டும் மாமா மேசையில். மின்னல் என்று அது அலறினால் மாமா மணியடிப்பார். போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே வர வேண்டும். எல்லோரும் என்றால் அம்மாவும்தான். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் அவளுக்கு வேலை.

9, செவ்வாய்

வரிசையே வேண்டாம், கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடு என்றேன் டென்னிஸிடம். ஒரே வரி மாற்றம். இரண்டு போனிலும் இப்போது ஒரே வெக்கை. வீட்டுக்குப் போகிற வழியில் ஆமத்தூரில் வண்டியை நிறுத்திப் பரோட்டா தின்றேன்.

11, வியாழன்

குப்பை. எல்லாம் குப்பை.

கேட்டில் வைத்துப் பொய் மின்னல் ஒன்றை அனுப்பிப் பார்த்தோம். என் ஆண்ட்ராய்டு அலறியது. மேசை ஐபோன் கம்மென்று கிடந்தது. "ஏம்மா பானு, இத நம்பி நான் உக்காந்திருந்தா அம்புட்டுப் பேரும் உள்ளயே இருப்பாகளே?" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஏன் அலறவில்லை? — மின்னல் வந்த கையோடு அடுத்த வெக்கை அளவு வந்திருக்கிறது. கடைசியாக வந்ததை மட்டும் வை என்றது யார்? நான்தானே? மின்னலையே தூக்கிப் போட்டிருக்கிறது. அறிவிருக்கா எனக்கு? உள்ள எங்கம்மா இருக்கால்ல! பயமாக இருக்கிறது.

13, சனி

ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். வெக்கைக்கும் ஈரத்துக்கும் கடைசி அளவு போதும். மின்னலுக்குத் தனி வழி. வரிசையில் நின்றாலும் நிற்கட்டும், ஒன்றுகூடத் தவறக் கூடாது.

"இத மொதல்லயே யோசிச்சிருக்கலாம்ல?" என்றான் டென்னிஸ்.

"நீயும் கூடத்தானலே இருந்த?"

வரிசையாகப் பொய் மின்னல் அனுப்பினோம். ஒன்று விடாமல் அலறியது. மாமா காதைப் பொத்திக்கொண்டு, "போதும் தாயி, நிப்பாட்டு" என்றார். டென்னிஸும் நானும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

15, திங்கள்

நிஜ மின்னலில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ச்சே.

17, புதன்

அம்மா செருப்பைக் கழற்றும்போதே திட்ட ஆரம்பித்துவிட்டாள். "சீசன் நேரம், ஆர்டர் மலையாக் கெடக்கு. அங்கன எங்கயோ தூரத்துல லேசா உறுமுது, அதுக்குள்ள மணியப் போட்டு அடிக்காரு மனுசன். கேட்டுக்குப் பக்கத்து ஆபீசுல போய்ச் சும்மா உக்காந்திருந்தோம். எல்லாம் ஒன் போனால வந்த வென!"

எல்லோரும் போய் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்த பிறகுதான் கம்பெனிக்கு நேர் மேலே இடி வந்ததாம். அதையும் ஒரு குறையாகத்தான் சொன்னாள்.

முறுகலாகத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். தின்றுகொண்டே திட்டினாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டட்டும்.