ஏரித் தண்ணிக்குச் சாட்சி

அன்புள்ள அக்கா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிடறேன். ஏரியைக் காப்பாத்தப் போன இருளர் சங்கத் தலைவி, அதாவது நான், நேத்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ரூம் வாசல்லயே செருப்பைக் கழட்டிட்டு, "சாமி"ன்னு கும்பிட்டுட்டேன். நாப்பத்தெட்டு வயசுல. யாரும் கழட்டச் சொல்லல. கூட வந்த சங்கத்து வெரோனிகா, "கோயிலுக்கா வந்திருக்கோம்?"னு கிள்ளினா.

மேட்டுப்பாளையத்துக் கம்பெனிக் கழிவு ஏரியில விழறதைச் சொன்னேன். "உங்களுக்கு நிலமே இல்லியே, என்ன நஷ்டம்?"னார் அதிகாரி. அப்பத்தான் என் வாய் தொறந்துச்சு. அரிசி மில்லுல நாம கொத்தடிமையா அடைஞ்சு கெடந்தது, நெல்லு அவிக்கிற கொதிதண்ணி கால்ல கொட்டினது, ஆஸ்பத்திரிக்குப் போக முதலாளி கேட்டைத் தொறக்காதது, அதே தண்ணி வாய்க்கால்ல போய் மீனெல்லாம் செத்து மிதந்தது, எல்லாத்தையும் சொன்னேன். அன்னையிலேருந்து கழிவு எங்க போவுதுன்னு பாக்கறதே என் பொழப்பாப் போச்சுன்னேன். டைப் அடிக்கிற அம்மா மூக்கைச் சிந்தினாங்க. ஏரித் தண்ணியைச் சோதனைக்கு அனுப்பறேன்னு அதிகாரி எழுதிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே அதிகாரி முன்னாடி விசாரணை, கம்பெனி வக்கீல் என்னைக் கேள்வி கேப்பாராம். நான் தடுமாறினா சோதனையை நிறுத்திடுவாங்க. நீ தவளக்குப்பத்துலேருந்து வரணும். அந்த மில்லைப் பத்தி மாமாகிட்டகூட நீ வாய் தொறந்ததில்லேன்னு தெரியும். பேசறதும் பேசாததும் உன் இஷ்டம். பக்கத்துல உக்காரு, போதும்.

உன் வாயாடித் தங்கச்சி

பி.கு.: தழும்பைக் காட்டச் சொன்னாங்க. என் கால்ல வெரோனிகா ஸ்கூட்டர் சைலன்சர் சுட்ட வடுவைக் காட்டிட்டேன். வெந்தது உன் காலுன்னு அங்க யாருக்கும் தெரியாது.